அடுப்படிக் கேமரா

முகமது யாசினுக்கு இரண்டு விஷயங்கள் மேல் தீராத அருவருப்பு. மூடியைக் கழற்றினால் கம்ப்யூட்டருக்குள் குடித்தனம் நடத்தும் கரப்பான்பூச்சிகள் மேல் ஒன்று. அந்தக் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு ஒரே கூரையின் கீழ் ஒருவரை ஒருவர் வேவு பார்க்கும் மனிதர்கள் மேல் இன்னொன்று. கரப்பானையாவது ஊதித் தள்ளிவிடலாம். மனிதர்கள் வாடிக்கையாளர்கள். அவர்களிடம் சிரித்துப் பேச வேண்டும்.

நாகல் நகரில் ஒரு டீக்கடைக்கும் தையல் கடைக்கும் நடுவில் இடுங்கிக் கிடக்கிறது அவர் கடை. ஒரு மேஜை, ஒரு நாற்காலி, சுவர் முழுக்க ஒயர்ச் சுருள்கள், அவ்வளவுதான். முன்பெல்லாம் டிவி ரிப்பேர் பார்த்தார். பிறகு மொட்டைமாடிகளில் டிஷ் கட்டினார். அந்தப் பிழைப்பு படுத்ததும் கேமராவுக்கு மாறினார். சாணார்பட்டிப் பக்கமும் சரி, அய்யலூர்ப் பக்கமும் சரி, கேமரா பாய் என்று கேட்டால் யாரும் வழி சொல்வார்கள்.

கேமரா மாட்டிய காலத்தில் திருடனைப் பிடிக்கத்தான் எல்லோரும் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்திருந்தார். ரிப்பேருக்குப் போக ஆரம்பித்த பிறகுதான் புத்தி தெளிந்தது. பெற்ற தகப்பன் எத்தனை வாளித் தண்ணீர் இறைக்கிறார் என்று பார்க்க ஒரு மகன் குளியலறை வாசலில் கேமரா வைத்திருந்தான். மாடியில் குடியிருக்கும் நர்ஸ் பெண் யாரோடு வருகிறாள் என்று பார்ப்பதற்காகவே ஒரு வீட்டுக்காரர் படிக்கட்டில் வைத்திருந்தார். பூக்காரம்மா முழம் போடும்போது கையைச் சுருக்குகிறாளா என்று பார்க்கக்கூட ஒரு வீட்டில் வைத்திருந்தார்கள். ஏன் என்று கேட்டால் எல்லார் வாயிலும் ஒரே பதில்தான் வரும். "சேஃப்டிக்கு பாய்." அந்த வார்த்தையைக் கேட்டாலே யாசினுக்குக் காறித் துப்ப வேண்டும்போல் இருக்கும். துப்பியதில்லை. ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு வேலையைப் பார்ப்பார்.

பார்ப்பதோடு சரி, வெளியே பேசுவதில்லை. இது அவர் தனக்குத்தானே போட்டுக்கொண்ட சட்டம். அந்தச் சட்டத்தால்தான் நாலு ஊர்க்காரர்கள் அவரை வீட்டுக்குள் விடுகிறார்கள். "இன்னைக்கு எந்த வீட்டுல என்ன பாத்தீங்க?" என்று மனைவி நஸீரா கேட்டால், "கரப்பான்" என்பார். நம் வாசலிலும் ஒன்று மாட்டுங்களேன் என்று அவள் ஒருமுறை கேட்டதற்கு அவர் எரிந்து விழுந்த வேகத்தில், அதோடு அந்தப் பேச்சையே விட்டுவிட்டாள்.

பக்ரீத்துக்குச் சில வாரங்கள் இருக்கும்போது கண்ணுசாமியிடமிருந்து போன் வந்தது. சாணார்பட்டிக்குக் கிழக்கே தக்காளியும் கத்தரியும் போடுகிற விவசாயி. பக்ரீத் விலையை நம்பி வருஷா வருஷம் கிடாய் வளர்ப்பவர்.

"பாய், கெடா அம்புட்டும் போச்சு. கேமராவுல ஒரு மண்ணுமில்ல. நீ இப்பவே வா."

யாசின் பைக்கை எடுத்தார். அந்த வீட்டை அவருக்குத் தெரியும். போன வருஷம் அங்கே நாலு கேமரா மாட்டியது அவர்தான். வாசல், கொல்லை, மோட்டார் ரூம், ஆட்டுக் கொட்டம். கண்ணுசாமியின் மகன் மணிமாறன் துபாயில் வேலை பார்க்கிறான். அப்போது லீவில் வந்திருந்தான். "நீங்க ஒயர மட்டும் இழுங்க பாய், சாஃப்ட்வேர் நான் பாத்துக்குறேன்" என்று சொல்லி, தன் பழைய கம்ப்யூட்டரில் எங்கிருந்தோ இலவசமாக இறக்கிய ஒரு சாஃப்ட்வேரைப் போட்டுக்கொண்டான். யாசின் அப்போதே முகத்தைச் சுளித்தார். படித்த பையன், வெளிநாட்டுக்காரன், அவனிடம் என்ன வாதாடுவது என்று வந்துவிட்டார்.

வீட்டில் கண்ணுசாமி சட்டை போடாமல், துண்டை உதறி உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்துகொண்டிருந்தார். கொட்டத்தில் புழுக்கை மட்டும் கிடந்தது. யாசின் செருப்பைக் கழற்றுவதற்குள் அவர் காதருகே வந்துவிட்டார். ரகசியம் என்றுதான் பேர். குரல் அடுப்படி வரைக்கும் கேட்டிருக்கும்.

"எல்லாம் வீட்டுக்குள்ள இருக்கவ செஞ்ச வேல பாய். என் மருமகதேன். மிஷின நிப்பாட்டி விட்டுருக்கா. அவ அப்பன் அய்யலூர்ச் சந்தையில ஆட்டு யாவாரி. புரியுதுல்ல? ராத்திரியே ஓட்டிக்கிட்டுப் போயிருக்காய்ங்க."

"நீங்க பாத்தீங்களாய்யா?"

"பாக்கத்தான உன்னயக் கூப்பிட்டேன்? அவ அப்பன வரச் சொல்லிருக்கேன். பொண்ணக் கூட்டிக்கிட்டுப் போயிரட்டும். நீ அவ நிப்பாட்டுனதக் கண்டுபிடிச்சுக் குடு, போதும்."

கண்டுபிடிக்க வேண்டியது என்ன என்பதையும் அவரே முடிவு செய்து வைத்திருந்தார்.

கம்ப்யூட்டர் கூடத்து மூலையில், வெங்காய மூட்டைக்குப் பக்கத்தில் இருந்தது. ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் அதன் நெற்றியில் காய்ந்திருந்தன. காற்றுப் போகிற துளைகளையும் விட்டுவைக்காமல் குங்குமம் அப்பியிருந்தார்கள். மூடியைக் கழற்றியதும் கரப்பான்கள் நாலா பக்கமும் சிதறின. கண்ணுசாமியின் மனைவி பொன்னழகு விளக்குமாற்றோடு பாய்ந்துவந்து, யாசினின் கால் விரலையும் சேர்த்து அடித்தார். உள்ளே பல்லி முட்டை, வெங்காயச் சருகு, எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய தூசி. மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் வழித்துப் போட்டுவிட்டு மிஷினைப் போட்டார்.

திரை முழுக்கச் சிவப்பு எழுத்து. பதிவைச் சேமிக்க முடியவில்லை என்று சாஃப்ட்வேர் மூக்கால் அழுதுகொண்டிருந்தது. டிஸ்க்கைச் சோதித்தார். எந்தப் பதிவு எங்கே இருக்கிறது என்று டிஸ்க் வைத்திருக்கும் அடையாளமெல்லாம் கலைந்துபோயிருந்தது. ஓடிக்கொண்டிருக்கும் மிஷினுக்குக் கரண்ட்டைப் பிடுங்கினால்தான் இப்படி ஆகும். அதுவும் ஒருமுறை இரண்டுமுறை அல்ல, தினசரி வேலையாகப் பிடுங்கியிருக்க வேண்டும்.

"இதுக்குக் கரண்ட்ட யாரு நிப்பாட்டுறது?" என்றார்.

கண்ணுசாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். அடுப்படிப் பக்கம் திரும்பி ஒரு பார்வை வேறு.

"நாந்தேன்" என்றார் பொன்னழகு. "காட்டுக்குப் போறப்ப எல்லாரும் சேந்துதேன் போவோம். கேஸ மூடிட்டு, மெயின எறக்கிட்டு, வீட்டப் பூட்டிருவேன். ஆளில்லாத வீட்டுக்குக் கரண்டு எதுக்கு?"

"கேமரா ஓடணும்ல ஆத்தா?"

"அதேன் பூட்டியாச்சுல்ல? பூட்டுன வீட்ட அது வேற எதுக்குப் பாக்கணும்?"

யாசின் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. ஊரில் பாதி வீடுகளில் இதே கதைதான். ஆள் இருக்கும்போது கேமரா ஓடும். ஆள் வெளியே போனதும் அதையும் அணைத்துவிடுவார்கள். எழுதிக்கொண்டிருப்பவன் கையிலிருந்து தினமும் நோட்டைப் பிடுங்கினால் எழுத்து எப்படி இருக்குமோ அப்படித்தான் டிஸ்க்கும் இருக்கும் என்று சொல்லிப் பார்த்தார். பொன்னழகு தலையை ஆட்டினார். நாளைக்கும் மெயினை இறக்குவார் என்பது அந்த ஆட்டலிலேயே தெரிந்தது.

டிஸ்க்கைச் சரிசெய்ய வெகுநேரம் பிடித்தது. தொலைந்துபோன பதிவுகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. கிடாய்கள் போன நாளைத் திறந்தார். சாயங்காலம் வரை கொட்டம் தெரிந்தது. கிடாய்கள் அகத்திக் கொப்பை இழுத்துக்கொண்டிருந்தன. விளக்கு வைக்கிற நேரத்தில் படம் நின்றது. அதற்குப் பிறகு மறுநாள் காலை வரை ஒன்றுமே இல்லை.

"பாத்தியா! பொழுது சாயவும் நிப்பாட்டிப்புட்டா" என்று கண்ணுசாமி துள்ளினார். மிஷின் கெட்டதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மருமகள் திருடி என்பது ருசுவாகிவிட்ட சந்தோஷம்தான் முகத்தில் இருந்தது. சம்பந்தி வருகிறாரா என்று பார்க்க வாசலுக்குப் போய்விட்டார்.

ஆனால் மிஷினை யாரும் நிறுத்தவில்லை. அன்று யாரும் காட்டுக்குப் போகவில்லை போலிருக்கிறது, காலையிலிருந்து மறுநாள் காலை வரை கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. சாஃப்ட்வேர் மட்டும் உறைந்து நின்றிருக்கிறது. மெமரி நிரம்பி மூச்சு முட்டியிருக்கிறது. அது எப்படி நிரம்பியது என்பதுதான் யாசினுக்குப் புரியவில்லை. நாலு கேமராவுக்கு அவ்வளவு மெமரி தேவையே இல்லை. எவ்வளவு மெமரி போகிறது என்று காட்டும் எண்ணைத் திரையின் ஓரத்தில் வைத்துக்கொண்டு பார்த்தார். அது ஆடாமல் நின்றது.

மருமகள் கௌசல்யா டீ கொண்டுவந்து வைத்தாள். கண் வீங்கியிருந்தது. வாசலை ஒருமுறை பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் பேசினாள்.

"அண்ணே, இங்கயே இருக்கணும்னு நான் கேக்கல. போகச் சொன்னா போறேன். ஆனா திருடின்னு பேர் வாங்கிட்டுப் போக மாட்டேன். எங்கப்பா நாளப்பின்ன சந்தையில தலை நிமுந்து நிக்கணும். என்ன நடந்துச்சோ அதச் சொல்லுங்க, அது போதும்."

"பாக்குறேம்மா" என்றார் யாசின். அவளை நிமிர்ந்து பார்க்கச் சங்கடமாக இருந்தது.

அவள் அடுப்படிக்குத் திரும்பிப் போனாள். போன மாத்திரத்தில் திரையில் எண் ஒரு குதி குதித்தது. கீழே சின்னதாக ஓர் அறிவிப்பு. ஒரு போன் நேரலையில் பார்க்கிறது. கொஞ்ச நேரம் கழித்து அவள் கூடத்துக்கு வந்தாள். போன் இணைப்பை விட்டது. ஆனால் ஏறிய எண் இறங்கவில்லை. மறுபடி அடுப்படிக்குள் போனாள். மறுபடி இணைப்பு, மறுபடி குதி. யாசினுக்குக் கோளாறு பிடிபட்டுவிட்டது. ஒவ்வொரு தடவை போனில் படத்தைத் திறக்கும்போதும் சாஃப்ட்வேர் கொஞ்சம் மெமரியை எடுத்துக்கொள்கிறது. மூடினாலும் அதைத் திருப்பிக் கொடுப்பதில்லை. எப்போதோ ஒருமுறை பார்க்கிறவனுக்கு இது தொந்தரவே இல்லை. காலை முதல் இரவு வரை திறந்து திறந்து மூடுகிறவனின் வீட்டில்தான் பொழுது சாய்வதற்குள் மிஷின் திணறிச் சாகும்.

கேமராப் பட்டியலைத் திறந்தார். நாலு இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து இருந்தன. ஐந்தாவதைத் தொட்டார். கௌசல்யா முதுகைக் காட்டிக்கொண்டு டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். ஈரக் கையால் கண்ணைத் துடைத்தாள். யாசின் சட்டென்று மூடிவிட்டார். குளிக்கிற இடத்துக்குள் தெரியாமல் நுழைந்துவிட்டதுபோல் உடம்பு கூசியது.

மூடியதோடு விட்டிருக்கலாம். வேலை அதுவாயிற்றே, செட்டிங்கையும் பார்த்தார். ஆள் அசைந்தால் போனுக்கு அலாரம் போகும்படி வைத்திருந்தது அடுப்படிக் கேமராவுக்கு மட்டும். ஆட்டுக் கொட்டத்துக்கு அலாரம் இல்லை. வாசலுக்கு இல்லை. கொல்லைக்கு இல்லை. திருடனுக்குப் பயந்து வைத்த மிஷின், கட்டிய பெண்டாட்டி தண்ணீர் குடிக்க எழுந்தால் துபாய்க்குத் தகவல் சொல்லிக்கொண்டிருந்தது. எழுந்து வாசலுக்குப் போய்த் துப்பிவிட்டு வந்தார்.

"தங்கச்சி, அடுப்படியில கேமரா இருக்கது உனக்குத் தெரியுமா?"

"கேஸ் கசிஞ்சாத் தெரியும்னு சொல்லித்தான் மாட்டுனாரு" என்றாள் கௌசல்யா. "நான் சிரிச்சா போன் வரும், யாருகிட்டச் சிரிச்சேன்னு. முகத்தத் தூக்கி வச்சிருந்தாலும் போன் வரும், யார நெனச்சுன்னு. ஏண்ணே, அந்தப் படத்துக்கு கேஸ் வாடை தெரியுமா?"

யாசின் எழுந்தார். கண்ணுசாமியைக் கொல்லைப் பக்கம் அழைத்துப்போய் உள்ளதைச் சொன்னார். யாரும் மிஷினை நிறுத்தவில்லை. உங்கள் மகன் நாள் முழுக்க அடுப்படியைத் திறந்து திறந்து பார்த்ததில்தான் அது உறைந்துபோனது. அதனால்தான் கொட்டம் பதிவாகவில்லை. இரண்டு தடவை சொன்னார்.

கண்ணுசாமியின் முகத்தில் வெட்கம் வரும் என்று எதிர்பார்த்தார். வந்தது எரிச்சல்தான்.

"பாய், இத இத்தோட விட்டுரு. சம்பந்தி வந்தா, மிஷின்ல எதுவும் தெரியலேன்னு மட்டும் சொல்லு."

"தெரியலேன்னு சொன்னா பழி அந்தப் பிள்ள மேலயே நிக்குமேய்யா?"

"நின்னா என்ன? அதுக்காக எம்மகன் பொண்டாட்டிய ஒளிஞ்சு பாக்குறான்னு ஊருக்குள்ள சொல்லச் சொல்றியா? நாலு பேரு என்ன பேசுவான்? நீ உன் வேலயப் பாரு பாய்."

இத்தனை வருஷமாக யாசின் அதைத்தான் செய்துகொண்டிருந்தார். தன் வேலையை மட்டும் பார்த்தார். கண்ணுசாமி கேட்டதும் அவருடைய சட்டத்தைத்தான். பையை மாட்டிக்கொண்டு ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லிவிட்டுப் போனால் யாரும் குற்றம் சொல்ல முடியாது. அப்படிப் போய்விடலாம் என்று ஒரு கணம் தோன்றவும் செய்தது. தோன்றியதுமே தன் மேலேயே அவருக்கு அருவருப்பு வந்தது.

பாண்டியராஜ் மொபெட்டை நிறுத்திவிட்டு வந்தார். கௌசல்யாவின் அப்பா. சந்தையில் தரகு பேசிப் பேசிக் கம்மிப்போன குரல். மகளைப் பார்த்தார், கூடத்துக்கு நடுவில் நின்றார். யாரும் உட்காரச் சொல்லவில்லை.

"சம்பந்தி, ஏம் பொண்ணு கெடா திருடுனாளா?"

"மிஷின் பாக்குற பாய் வந்திருக்காரு. அவரே சொல்லட்டும்" என்று கண்ணுசாமி யாசினை முறைத்தார்.

யாசின் சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை. டிஸ்க் கெட்டது பொன்னழகு மெயினை இறக்கியதால். அன்றைக்குப் பதிவு நின்றது மணிமாறன் அடுப்படியை ஓயாமல் பார்த்துக்கொண்டிருந்ததால். கௌசல்யா மிஷினைத் தொடவே இல்லை. "இத எங்க வேணாலும் வந்து சொல்லுவேன். இந்த வீட்டுல எனக்கு இனி வேல இல்லேன்னாலும் பரவாயில்ல" என்றார். குரல் அவர் நினைத்ததைவிட உயர்ந்துவிட்டது.

பாண்டியராஜுக்குப் பாதிதான் புரிந்தது. புரிந்த பாதியே போதுமானதாக இருந்தது. "அடுப்படியிலயா?" என்று கேட்டுவிட்டு மகளைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

கண்ணுசாமிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "எம்மகன் அப்பிடியாப்பட்டவன் இல்ல. இந்தா, அவன்கிட்டயே கேளுங்க" என்று போனைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். முதல் மணியிலேயே எடுத்துவிட்டான். கையிலேயேதான் வைத்திருந்திருப்பான்.

"ஏலே மணி, நீ அடுப்படியப் பாத்துக்கிட்டே இருந்ததாலதான் கொட்டம் பதிவாகலேன்னு பாய் சொல்றாரு. அப்பிடியெல்லாம் இல்லேன்னு சொல்லுடா."

"பாத்தேன்தான், அதுக்கென்ன?" என்றது போன். "என் பொண்டாட்டிய நான் பாக்குறேன். பாய் அங்க இருக்காரா? பாய், மெமரி பத்தலேன்னா கொட்டத்துக் கேமராவக் கழட்டிருங்க. அடுப்படி நிக்கக் கூடாது."

தான் வளர்த்த பிள்ளையின் குரலை அப்போதுதான் முதன்முதலில் கேட்பவர்போல் கண்ணுசாமி போனையே பார்த்தார்.

"டேய், வருஷம் பூராம் வளத்த கெடாடா" என்றார் கெஞ்சுவதுபோல.

"கெடா போனா வேற வாங்கிக்கலாம்ப்பா. சொன்னதச் செய்யச் சொல்லுங்க."

கௌசல்யா உள்ளே போனாள். வரும்போது தோளில் ஒரு துணிப்பை இருந்தது. அழுகை நின்றுபோயிருந்தது. மாமனாரின் கையிலிருந்த போனுக்குப் பக்கத்தில் வந்து நின்று, பக்கத்து வீட்டுக்குத் தகவல் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னாள்.

"கேமராவ யாரும் கழட்ட வேணாம், ஓடட்டும். நான் எங்கப்பா கூடப் போறேன். இனி அடுப்படியில உங்கம்மாதான் இருப்பாங்க. உக்காந்து பாருங்க."

அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். மொபெட் கிளம்புகிற சத்தம் கேட்டது. போனில் மணிமாறன் ஹலோ, ஹலோ என்று கத்திக்கொண்டிருந்தான். கண்ணுசாமிக்கு அதை அணைக்கக்கூடத் தோன்றவில்லை. யாசின் ஸ்க்ரூ டிரைவர்களைப் பொறுக்கிப் பையில் போட்டார். இந்த வீட்டில் இன்னும் ஒரு நிமிஷம் நின்றாலும் தன் சட்டையிலும் அந்த அசிங்கம் ஒட்டிக்கொள்ளும் என்றிருந்தது அவருக்கு.

அடுப்பில் குழம்பு தீய்கிற வாடை வந்தது. பொன்னழகு பதறிக்கொண்டு அடுப்படிக்கு ஓடினார். நிலைப்படியைத் தாண்டியதும் நின்றார். அண்ணாந்து மேலே பார்த்தார். மாராப்பை இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு அடுப்பை அணைக்காமலேயே வெளியே வந்துவிட்டார்.